கழுத்துக்கு மேலே

"தலையில ஏதாவது இருக்கா?" என்று காவலாளி கேட்டபோது அறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவரைக் குறை சொல்ல முடியாது. வாசலில் நின்று வண்டிகளை அதட்டி அதட்டியே பழகிய தொண்டை அது. போதாக்குறைக்கு, வகுப்பு எடுக்கும் காந்தம்மாவும் கூச்சப்படாமல் வாய்விட்டுக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தார். கேட்டுவிட்டார்.

கேள்வி யாரைப் பார்த்துக் கேட்கப்பட்டதோ அவரை அந்த மருத்துவமனையில் ஹீரோ என்று கூப்பிடுவார்கள். ஆண் செவிலியர். வயது நாற்பதுக்குள். நெற்றிக்கு மேல் ஒரு சுருள் விழுந்து நிற்கும் அடர்த்தியான முடி. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே மருந்தகத்துப் பெண்கள் வைத்த பெயர் அது. வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டே அதை அவர் ஆசையாக வாங்கி வைத்துக்கொண்டார். யாராவது அப்படிக் கூப்பிட்டால் இரண்டு விரலால் நெற்றிச் சுருளை லேசாக அழுத்தி விட்டுக்கொள்வார். பார்ப்பவர்களுக்கு அது ஒரு ஸ்டைல். உண்மையில் அவர் முடி இடத்தில் இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

முடி அவருடையதுதான், காசு கொடுத்து வாங்கியது. மெல்லிய வலையில் கோத்து, உள்பக்க ஓரத்தில் சின்னச் சின்ன எஃகு கிளிப்புகள் வைத்த விக்.

அந்தக் கிளிப்புகளைத்தான் காவலாளி, தெரியாமலேயே, கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைய வகுப்பே அதற்குத்தான். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பகுதிக்குப் புதிதாக மாற்றப்பட்டவர்கள், அந்தப் பக்கம் நோயாளியைத் தள்ளிக்கொண்டு வருபவர்கள், கூட்டித் துடைப்பவர்கள், டாக்டர்கள் என்று யாராக இருந்தாலும் காந்தம்மாவின் வகுப்பில் உட்கார்ந்து எழுந்தால்தான் கடைசிக் கதவைத் தாண்டி ஸ்கேன் அறைக்குள் போக விடுவார்கள். காந்தம்மா அந்த ஸ்கேனை இயக்கும் தொழில்நுட்பர். காந்தம்மா என்பது மற்றவர்கள் வைத்த பட்டப்பெயர் என்று அவருக்கும் தெரியும், அதைப் பற்றிக் கவலைப்படாதவர். வகுப்பின் தொடக்கத்திலேயே எல்லோரையும் தரையில் எல்லையாகப் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு அழைத்துப்போய், நூலில் கட்டிய ஒரு இரும்பு நட்டை ஸ்கேன் அறை வாசலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். கீழே தொங்க வேண்டிய நட்டு, தொங்காமல், யாரோ உள்ளேயிருந்து நூலை இழுப்பதுபோல அறையைப் பார்த்துச் சாய்ந்து நின்றது. உள்ளேயிருந்து சக், சக் என்று ஒரு பம்ப் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"படம் எடுக்குற சத்தம் நின்னா மெஷின் ஆஃப்னு நெனச்சுக்காதீங்க. படம் எடுக்குறதுதான் நிக்கும். காந்தம் எப்பவும் ஆன்ல இருக்கும். ஞாயித்துக்கெழமையும் இருக்கும், கரன்ட் போனாலும் இருக்கும். நம்மளையாவது லீவுல விடுவாங்க, அதுக்கு அதுவும் கெடையாது."

பிறகு திரும்பக் கூட்டிவந்து உட்கார வைத்து, கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்தார். அவருடைய முறையே தனி. உடம்பில் இரும்பு இருக்கிறதா என்று மொத்தமாகக் கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டால் எல்லோரும் ஒண்ணுமில்லை என்பார்கள். எலும்புக்குள் தகடு வைத்திருப்பவரும் சொல்வார், கண்ணில் இரும்புத்தூள் விழுந்த வெல்டரும் சொல்வார். அதனால் தலையில் தொடங்கிக் கால் வரைக்கும் ஒவ்வொரு இடமாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். நோயாளியை ஸ்கேனுக்குத் தயார்படுத்தும் தயார் அறையில் ஒருவர் கேட்க வேண்டும், மஞ்சள் கோட்டில் இன்னொருவர் மறுபடி கேட்க வேண்டும்.

"தலையை எதுக்கு மொதல்ல வச்சிருக்கேன்னு யோசிங்க. மூளையில ரத்தக்குழாய் வீங்கி ஆபரேஷன் பண்ணவங்களுக்கு உள்ள சின்னதா ஒரு கிளிப் போட்டிருப்பாங்க. புதுசுல பலதுக்கு ஒண்ணும் ஆகாது. பழசுல சிலது, காந்தத்துக்கிட்ட போனா திரும்பிடும். திரும்புச்சுன்னா உள்ளயே ரத்தம் கசிஞ்சு ஆள் போயிடுவாங்க. எந்த வகைன்னு தெரியுற வரைக்கும் என் கதவு திறக்காது."

அதற்குப் பிறகுதான் இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஒருவரை ஒருவர் கேட்டுப் பழகச் சொன்னார். ஹீரோவுக்குக் காவலாளி வாய்த்தார்.

"தலையில ஏதாவது இருக்கா சார்?" என்று காவலாளி இன்னொரு தரம் கேட்டார்.

"இல்ல."

"தலையில ஒண்ணும் இல்லையாம்" என்று பின்வரிசையில் யாரோ சொல்ல, அறையே சிரித்தது. காந்தம்மாகூட உதட்டைக் கடித்துக்கொண்டார். ஹீரோவும் சேர்ந்து சிரித்தார். கை தானாக நெற்றிச் சுருளுக்குப் போனது. மற்றவர்கள் வரிசையாக உள்ளே போய் அறையைப் பார்த்துவிட்டு வந்தபோது, போன் வந்துவிட்டது என்று அவர் வெளியே நழுவினார். போன் எதுவும் வரவில்லை.

அன்று வீட்டில், விக்கைக் கழற்றி அதன் தாங்கியில் மாட்டிவிட்டு, நடந்ததை மனைவியிடம் சொன்னார். மனைவி காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? முடி போனவங்க எல்லாம் திருடங்களா?"

"உனக்குப் புரியாது."

அவளுக்குப் புரியும். முந்தைய மருத்துவமனையில் அவரைவிட மூத்த நோயாளிகள் அவரைப் பெரியவரே என்று கூப்பிட்டதும் அவளுக்குத் தெரியும். மகளைப் பள்ளியில் விடப் போனபோது, பேத்தியா என்று ஓர் ஆசிரியை பாசமாக விசாரித்ததும் தெரியும். அன்று மகள் அவர் கையை விட்டுவிட்டு உள்ளே ஓடியதைத்தான் அவர் யாரிடமும் சொன்னதில்லை. புது ஊர், புது வேலை என்று வந்தபோது புதுத் தலையோடு வந்தார். இந்த ஊரில் அவர் பெரியவர் இல்லை. அதை இழக்க அவருக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

அவருக்குத் தயார் அறையில் வேலை கொடுத்தார்கள். கடைசிக் கதவைத் தாண்ட வேண்டியதில்லை என்பதில் அவருக்குப் பெரிய நிம்மதி. உள்ளே போக வேண்டி வந்தால், எனக்கு அந்த ரூம்ல மூச்சு முட்டும் என்று சொல்லி வேறு யாரையாவது அனுப்பிவிடுவார். நோயாளியை உட்கார வைத்து, கேள்வி கேட்டு, நகைநட்டைப் பிளாஸ்டிக் தட்டில் வாங்கி, உடை மாற்ற வைத்து, மஞ்சள் கோடு வரை கொண்டுபோய் ஒப்படைப்பது. அதை அவர் நன்றாகவே செய்தார். பயந்தவர்களைச் சிரிக்க வைப்பார், கை நடுங்குகிறவர்களுக்குச் சட்டைப் பித்தானைப் போட்டு விடுவார்.

ஒரே ஒரு கோளாறு. அவரால் அந்த முதல் கேள்வியைக் கேட்க முடியவில்லை.

முதல் நாள் கேட்டுத்தான் பார்த்தார். எதிரே இருந்த ஆள், தலையில ஏதாவது என்ற சொல் காதில் விழுந்ததும் இயல்பாக ஹீரோவின் தலையைப் பார்த்தார். அவ்வளவுதான், வேறொன்றுமில்லை. ஆனால் ஹீரோவுக்குப் பின்வரிசைச் சிரிப்பு திரும்பவும் காதில் கேட்டது. அடுத்த நோயாளியிடம் கழுத்திலிருந்து தொடங்கினார். கழுத்துல செயின், நெஞ்சுல பேஸ்மேக்கர், வயித்துல ஆபரேஷன், இடுப்புல, முட்டியில, பாதத்துல. தலைக்கு வாயே திறப்பதில்லை. யாருடைய முடியிலாவது ஹேர்பின் கண்ணில் பட்டால் விரலால் சைகை காட்டி எடுக்கச் சொல்வார். பிறகு தாளில் தலை என்ற இடத்தில் இல்லை என்று அவரே ஒரு டிக் போட்டுவிடுவார். மஞ்சள் கோட்டில் காந்தம்மா எப்படியும் இன்னொரு முறை கேட்பாரே என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார். நாளடைவில் அந்தச் சமாதானமும் தேவைப்படவில்லை. கழுத்திலிருந்து தொடங்குவதே வழக்கமாகிப் போனது.

தையல்காரம்மா வந்தது ஒரு காலை நேரத்தில். முட்டி வலி. கூட மகள் வந்திருந்தாள், அலுவலகத்தில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு வந்தவள், அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவோ ஸ்கேனுக்கு வந்ததே ஒரு வெளியூர்ப் பயணம் என்பதுபோல எல்லாவற்றையும் ரசித்துக்கொண்டிருந்தார்.

"கழுத்துல ஏதாவது போட்டிருக்கீங்களாம்மா?"

"அதெல்லாம் வீட்டுலயே கழட்டி வச்சுட்டேன் தம்பி. வளையல் மட்டும்தான், சோப்பு போட்டாத்தான் வரும்."

சோப்புப் போட்டு ஹீரோவே வளையலைக் கழற்றிவிட்டார். பிறகு அந்த அம்மாவின் சட்டையின் மார்புப் பக்கத்தில் ஏதோ மினுங்கியது. குண்டூசி. எடுக்கச் சொன்னார். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. காலர் மடிப்புக்குள் ஒன்று. கை மடிப்பில் இரண்டு. தையல் தொழிலில் குண்டூசியைக் குத்தி வைக்க உடம்பைவிட வசதியான இடம் வேறில்லை என்று அந்த அம்மா விளக்கினார். ஹீரோ தட்டை நீட்டி நீட்டிப் பிடித்தார்.

"இப்படியே உள்ள விட்டிருந்தா மெஷினுக்கே நீங்க சட்டை தச்சுக் குடுத்திருப்பீங்க."

அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மகளுக்கும் கடிகாரம் மறந்துபோனது. "எவ்வளவு பொறுமையா பாக்குறீங்க சார்" என்றாள். ஹீரோ இரண்டு விரலால் நெற்றிச் சுருளை அழுத்திவிட்டுக்கொண்டார்.

"தம்பிக்கு நல்ல முடி" என்றார் தையல்காரம்மா. "கலையாம பாத்துக்கிட்டே இருக்கீங்க."

அவர் சட்டென்று தாளுக்குக் குனிந்தார். தலை, இல்லை என்று டிக் போட்டார்.

மஞ்சள் கோட்டருகில் காந்தம்மா தாளை வாங்கிக்கொண்டார். ஹீரோ திரும்பி நடக்கத் தொடங்கியிருந்தார். பின்னால் காந்தம்மாவின் சலனமில்லாத குரல் கேட்டது.

"தலையிலிருந்து வருவோம்மா. தலையில ஆபரேஷன் ஏதாவது நடந்திருக்கா?"

"ஆமா மேடம். ரொம்ப வருஷம் ஆச்சு. ரத்தக்குழாய்ல வீக்கம்னு தலையைத் திறந்தாங்க. உள்ள கிளிப் ஏதோ போட்டு மூடினாங்க. அதுக்கும் முட்டிக்கும் என்ன?"

ஹீரோ நின்றுவிட்டார். திரும்பிப் பார்த்தார். காந்தம்மா ஒன்றும் பதறவில்லை. தையல்காரம்மாவின் முழங்கையைப் பிடித்து, கோட்டிலிருந்து மெதுவாகப் பின்னால் நடத்திவந்து, நாற்காலியில் உட்கார வைத்தார். அதன் பிறகுதான் ஸ்கேன் அறைக் கதவைச் சாத்தினார்.

மகளை உள்ளே கூப்பிட்டார்கள். இன்று ஸ்கேன் எடுக்க முடியாது, பழைய ஆபரேஷன் நடந்த இடத்திலிருந்து கிளிப் எந்த வகை என்று விவரம் வர வேண்டும், அது தெரியாமல் உள்ளே விட்டால் உயிருக்கே ஆபத்து என்று காந்தம்மா நிதானமாகச் சொன்னார். மகளின் முகம் வெளுத்தது. பிறகு அந்தப் பயமெல்லாம் கோபமாக அம்மாமேல் திரும்பியது.

"ஏம்மா, அவர் அவ்வளவு நேரம் ஒவ்வொண்ணா கேட்டாரே, அப்ப சொல்லாம எங்க போச்சு புத்தி? குண்டூசியை எல்லாம் எடுத்துக் குடுத்தே, தலைக்குள்ள இருக்கிறதைச் சொல்லத் தெரியலையா?"

தையல்காரம்மா மகளைப் பார்த்தார். பிறகு, கதவோரம் நின்றிருந்த ஹீரோவைப் பார்த்தார். அவருக்குத் தெரியும், இந்தத் தம்பி தலையைப் பற்றிக் கேட்கவே இல்லை என்று. ஒரு கணம் அதைச் சொல்லப்போகிறார் என்றுதான் ஹீரோ நினைத்தார்.

"மறந்துட்டேன்டி" என்றார் அம்மா. "வயசாச்சில்ல. அந்தத் தம்பி நல்லாத்தான் கேட்டாரு. நான்தான் சொல்லல."

ஹீரோ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இவ்வளவு வெட்கத்தை அவர் தன் வாழ்நாளில் பட்டதில்லை. பேத்தியா என்று கேட்ட அன்றுகூட இல்லை. வழுக்கைக்காக எத்தனையோ நாள் கூசியிருக்கிறார். அதெல்லாம் வெறும் தோலில் பட்ட கூச்சம் என்று இப்போது தெரிந்தது. ஒரு வயதானவள் அவருடைய தப்பைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு திட்டு வாங்குகிறாள். தடுக்க ஒரு சொல் போதும். அந்தச் சொல் வரவில்லை. போதாததற்கு, கிளிப் ஒண்ணும் ஆகாத வகையாக இருந்தால் நல்லது, அப்படியிருந்தால் தன் தப்பும் சின்னதாகிவிடும் என்று மனம் அந்த நேரத்திலும் கணக்குப் போட்டது. அதைக் கவனித்தபோது அவருக்குத் தன்னையே பிடிக்காமல் போனது.

அம்மா தன் உடைக்கு மாறியதும் இருவரையும் காத்திருப்புக் கூடத்தில் உட்கார வைத்துவிட்டு வந்த காந்தம்மா, தயார் அறைக் கதவைச் சாத்தினார்.

"ஏன் தலையை விட்டீங்க?"

"மறந்துட்டேன் மேடம்."

"இன்னிக்கு மட்டுமா?"

காந்தம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் லீவுல இருந்த நாள்ல கோட்டுல நின்னவங்க ரெண்டாவது தடவை கேட்டிருப்பாங்களான்னு எனக்குத் தெரியாது. நீங்க கேட்டாச்சுன்னு அவங்க விட்டிருக்கலாம். அத்தனை பேரையும் தேடிக் கூப்பிட்டு நல்லா இருக்கீங்களான்னு விசாரிக்கணும். அதுக்கு முன்னாடி காரணம் எனக்குத் தெரியணும்."

மறுபடி அந்த விரல்கள் நெற்றிக்குப் போயின. இம்முறை அங்கேயே நிற்கவில்லை. ஓரத்தில் நுழைந்து, கிளிப்புகளை ஒவ்வொன்றாக விடுவித்தன. டிக், டிக் என்ற சத்தம் அந்தச் சின்ன அறையில் தெளிவாகக் கேட்டது. அவர் விக்கைக் கையில் எடுத்து, அதன் உள்பக்கத்தைக் காந்தம்மாவுக்குக் காட்டினார். பேச முயன்றார். அந்த வகுப்பு, அந்தச் சிரிப்பு, தலை என்ற சொல்லே வாயில் வராதது எல்லாம் துண்டு துண்டாக வந்தன.

காந்தம்மா சிரிக்கவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் அந்தக் கிளிப்புகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு நானும் சிரிச்சேன்" என்றார் கடைசியில். பிறகு எழுந்து, நோயாளிகள் எல்லோரிடமும் சொல்லும் அதே குரலில், "தட்டுல வைங்க" என்றார்.

வைத்தார்.

"அவங்ககிட்ட யார் சொல்றது?"

"நான் சொல்றேன் மேடம்."

தையல்காரம்மாவின் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். நடைபாதையின் குளிர்ந்த காற்று தலையில் பட்டது. மருந்தகத்துப் பெண் ஒருத்தி எதிரே வந்தாள், அவரைப் பார்த்தாள், யாரோ நோயாளியின் உறவினர் என்று நினைத்து ஒதுங்கி வழி விட்டாள். சீருடையைக் கவனித்த பிறகு திரும்பிப் பார்த்திருப்பாள். அவர் நிற்கவில்லை.

காத்திருப்புக் கூடத்தில் மகள் இன்னும் அடங்கவில்லை. அடுத்த தெருவில் தொலைந்துபோனால்கூட வழி சொல்லத் தெரியாது இந்த அம்மாவுக்கு, இனிமேல் எங்கேயும் தனியாக அனுப்பப்போவதில்லை, கடையையும் மூடிவிட வேண்டியதுதான் என்று போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உங்க சாமான்ம்மா" என்று ஹீரோ தட்டை நீட்டினார்.

அம்மா நிமிர்ந்து பார்த்தார். அவரை அடையாளம் கண்டுகொண்டதாக முகத்தில் தெரியவில்லை.

"வாங்கய்யா. அந்தத் தம்பி இல்லையா? நல்லா முடி வச்சிருந்தாரே, சிரிக்கச் சிரிக்கப் பேசுவாரு. அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகலாம்னு பாத்தேன்."

நான்தாம்மா அது என்று சொல்லத்தான் வந்திருந்தார். வழியெல்லாம் அதைத்தான் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"அவர் தலையைப் பத்தி உங்ககிட்ட கேக்கவே இல்லம்மா" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. மகள் போனைக் காதிலிருந்து எடுத்தாள். அவர் அவள் பக்கம் திரும்பினார். "அம்மா மேல எந்தத் தப்பும் இல்லைங்க. கேட்டாத்தானே சொல்லுவாங்க. கழுத்துலருந்துதான் கேட்டாரு. தலைன்னு போட்டிருந்த இடத்துல அவரே டிக் போட்டுக்கிட்டாரு. தப்பு முழுக்க அவரோடதுதான்."

அவரே, அவரோடது. சொல்லி முடித்த பிறகுதான் தன் காதில் விழுந்தது. இத்தனை நாள் முடிக்குப் பின்னால் நின்றவர், இப்போது வழுக்கைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"அந்த ஆளா?" என்றாள் மகள். "எங்க அவர்? கூப்பிடுங்க, நான் பேசணும்."

"விடுடி" என்றார் தையல்காரம்மா. "பாவம், வேலை போயிடப் போகுது. ஐயா, அந்தத் தம்பியை ஒண்ணும் சொல்லிடாதீங்க. ஏதோ கவனப்பிசகு." ஒவ்வொரு குண்டூசியாக எடுத்துக் காலரில் குத்திக்கொண்டார். வளையலை எடுத்துக் கையில் நுழைக்கப் பார்த்தார். அது விரல் முட்டியில் தடுத்து நின்றது.

ஹீரோவின் ஒரு கையில் தட்டு இருந்தது. மற்ற கையின் இரண்டு விரல்கள், அவர் நினைக்காமலேயே, எழுந்துபோய் நெற்றிக்கு மேலே வெறும் தோலை லேசாக அழுத்திவிட்டன.

தையல்காரம்மாவின் கை வளையலோடு பாதியில் நின்றது. அவர் அந்த இரண்டு விரல்களைப் பார்த்தார். பிறகு விரல்களுக்குக் கீழே இருந்த முகத்தைப் பார்த்தார். மகள் பக்கத்திலேயே நின்று, கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் முடியுள்ள ஒரு ஆளைத் தேடிக்கொண்டிருந்தாள். ஹீரோ விரல்களை இறக்கவில்லை.